கொக்கி பிடிக்காத ஈட்டி

விமானந்தாங்கிக் கப்பலுக்குப் புதுப் போர்விமானம் வாங்குவது என்று முடிவானபோது, கடைசிச் சுற்றுக்கு இரண்டு விமானங்கள் வந்து நின்றன. ஒன்று ஒற்றை எஞ்சின், ஒல்லி உடம்பு, கூர்மூக்கு. முதலில் விமானப்படைக்காகச் செய்து, பிறகு கடலுக்கென்று மாற்றியது. கப்பல் ஆட்கள் அதற்கு ஈட்டி என்று பெயர் வைத்தார்கள். இன்னொன்று இரட்டை எஞ்சின், தடித்த கால்கள், மடங்கும் இறக்கைகள். வரைபடத்தில் முதல் கோடு போட்ட நாளிலிருந்தே கப்பலை நினைத்துச் செய்தது. அதைப் பார்த்த மாத்திரத்தில் யாரோ எருமை என்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

காகிதத்தில் ஈட்டிதான் ராஜா. வேகம், உயரம், எதிரியை முதலில் கண்டுபிடிக்கும் ரேடார் என்று எதை எடுத்தாலும் எருமை பின்னால்தான் நின்றது. எருமைக்காகச் சொல்ல இருந்ததெல்லாம் சுவாரசியமில்லாத விஷயங்கள். இறக்கையை மடித்தால் கப்பல் லிஃப்டில் தாராளமாக நுழையும். உப்புக்காற்றைத் தாங்கும். நடுக்கடலில் ஒரு எஞ்சின் நின்றாலும் மற்றொன்றை வைத்து வந்து சேர்ந்துவிடலாம். எவ்வளவு பலமாக விழுந்தாலும் கால் உடையாது.

விழுவது என்பது மிகையல்ல. கப்பலில் இறங்கும் விமானம் ஓடுபாதையில் இறங்குவதுபோல நைசாகத் தரை தொடாது. நேரே வந்து தளத்தில் மோதும். அதன் வாலடியில் ஒரு கொக்கி தொங்கும். தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பி வடங்களில் ஒன்றை அந்தக் கொக்கி பிடித்தால் விமானம் நிற்கும். பிடிக்காவிட்டால் உடனே மேலே எழும்பிப் போயாக வேண்டும். அதற்காகவே சக்கரம் தளத்தைத் தொடும்போது விமானி எஞ்சினை முழு வேகத்துக்குத் திறந்துவிடுவான்.

அப்படி வரும் விமானங்களை இறக்கிவிடுவதுதான் கப்பலின் தரையிறக்க அதிகாரியான அவளுடைய வேலை. கப்பலின் பின்னோரத்தில், கடலுக்கு மேல் நீட்டிய ஒரு சிறு மேடையில் ரேடியோவும் கையுமாக நிற்பாள். முன்பு அவளும் ஓட்டியவள்தான். இப்போது வருகிறவனுடைய உயரம் சரியா, நேரே வருகிறானா என்று பார்த்துச் சொல்வாள். அவள் போ என்றால் போய்விட வேண்டும். அதில் கப்பல் தலைவர்கூடத் தலையிட முடியாது.

ஈட்டியைச் சோதித்து ஓட்டப் பொறுக்கி எடுத்த விமானி அவளுடைய கொழுந்தன்.

"சொந்தக்காரங்க ஒரே சோதனையில இருக்கலாமா?" என்று மதிப்பீட்டுக் குழுவின் தலைவர் ஒரு முறை கேட்டார். இந்த வேலைக்குத் தகுதி வாங்கியவர்களே கொஞ்சம் பேர். அவர்களுக்குள்ளும் சொந்தம் பார்த்து ஒதுக்கினால் கப்பலில் யார்தான் மிஞ்சுவார்கள் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு போயிற்று.

சோதனைக்கு முன் வந்த விடுமுறையில் கொழுந்தன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். அவளுடைய கணவர் பல் மருத்துவர். தம்பியும் மனைவியும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே பரிமாறினார்.

"எருமையை ஓட்டுறது லாரி ஓட்டுற மாதிரி அண்ணி. ஈட்டி அப்படி இல்ல. மனசுல நினைச்சாப் போதும், திரும்பிடும்."

"திரும்புறது இருக்கட்டும் தம்பி. நிக்குமா?"

"கரையில கோடு போட்டு எத்தனை தடவை நிறுத்திக் காட்டியிருக்கேன்!"

"கரை ஆடாதே."

"ரெண்டு பேரும் கொஞ்சம் தரைக்கு வாங்க, சோறு ஆறுது," என்றார் கணவர்.

சோதனை நாள் காலையில் கடல் ரொம்பவும் ஆடவில்லை. எருமை முதலில் வந்தது. வந்த ஒவ்வொரு முறையும் கம்பியைப் பிடித்து நின்றது. பார்க்க வந்திருந்தவர்களுக்கு அது சலித்துக்கூடப் போய்விட்டது. பிறகு ஈட்டி வந்தது. வெயிலில் மின்னிக்கொண்டு அது வளைந்து திரும்பியபோது கப்பலின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நின்ற எல்லோருடைய தலையும் சேர்ந்து திரும்பியது.

சக்கரம் தொட்டது. கொக்கி தளத்தில் தீப்பொறி கிளப்பியபடி வடங்களைத் தாண்டிப் போனது. ஈட்டி உறுமிக்கொண்டு மேலே ஏறியது. இரண்டாவது தடவையும் அப்படியே. அவளுக்குக் காரணம் கண்ணிலேயே தெரிந்தது. ஈட்டியில் கொக்கி சக்கரத்துக்கு ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. சக்கரம் ஏறி மிதித்த கம்பி தளத்தோடு அமுங்கிவிடுகிறது. அது திரும்ப எழும்புவதற்குள் கொக்கி அதற்கு மேலே கடந்துவிடுகிறது. ஓட்டுகிறவன் மேல் தப்பில்லை. அவன் கோடு கிழித்த மாதிரிதான் வந்தான்.

மூன்றாவது தடவை கொக்கி கம்பியை உரசிவிட்டு நழுவியது.

இப்போது திரும்பினால் கரையிலிருக்கும் ஓடுபாதைக்குப் போய்ச் சேர எரிபொருள் இருந்தது. இன்னொரு சுற்று வந்து அதிலும் பிடிக்காவிட்டால் கடல்தான். மேடைத் தொலைபேசி அடித்தது. குழுத் தலைவர் பேசினார்.

"இன்னொரு தடவை விட்டுப் பாருங்களேன். உரசிருச்சு இல்ல? அடுத்ததுல பிடிச்சிடும்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். ரேடியோவில் கொழுந்தனின் குரல் வந்தது.

"இன்னும் ஒண்ணு குடுங்க. கம்பி மேல பட்டது எனக்குத் தெரிஞ்சுது."

"வேண்டாம். கரைக்குப் போங்க."

ரேடியோ கொஞ்சம் இரைந்தது. பிறகு, வேலை நேரத்தில் அவன் ஒருபோதும் சொல்லாத சொல் வந்தது.

"அண்ணி. ப்ளீஸ்."

கோபுரத்தில், தளத்தில், எல்லோருடைய காதிலும் அது விழுந்தது.

"கரைக்குப் போ தம்பி," என்றாள்.

ஈட்டி ஒரு முறை சாய்ந்து கரைப் பக்கம் திரும்பிப் புள்ளியாகி மறைந்தது. பத்திரமாக இறங்கிவிட்டது என்ற தகவல் வந்த பிறகுதான் அவள் ரேடியோவைக் கீழே வைத்தாள்.

விசாரணை என்று யாரும் சொல்லவில்லை. கலந்தாய்வு என்றுதான் கூப்பிட்டார்கள். நீள மேசை, குளிரூட்டிய அறை. ஈட்டி செய்த நிறுவனத்தின் ஆட்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பதிவான ரேடியோப் பேச்சைப் போட்டுக் காட்டினார்கள். "தம்பி" என்ற தன் குரலை அந்த அறையில் கேட்டபோது அவளுக்குக் கூசியது.

குழுத் தலைவர் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கொழுந்தன் இடத்துல வேற ஒருத்தர் இருந்திருந்தா, இன்னொரு வாய்ப்பு குடுத்திருப்பீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சொல்லப்போன நேரத்தில், அந்த மேடையில் நின்றபோது மனசில் ஓடியதெல்லாம் திரும்ப வந்தது. கொக்கி ஓடியது. கம்பி ஓடியது. கூடவே, கணவரின் முகமும் ஓடியது. எது முதலில் வந்தது? அவளுக்கே தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

"தெரியலை," என்றாள். உடனே சேர்த்துக்கொண்டாள். "ஆனா கொக்கி இருக்கிற இடம் தப்பு. யார் ஓட்டினாலும் கம்பி எழும்பறதுக்குள்ள அது தாண்டிடும்."

தெரியலை என்றபோது மேசையைச் சுற்றிப் பேனாக்கள் ஓடின. கொக்கியைப் பற்றிச் சொன்னபோது ஒன்றும் ஓடவில்லை. சாயங்காலத்துக்குள் முடிவு வந்தது. மறுசோதனை. வேறு விமானி. மேடையிலும் வேறு அதிகாரி.

கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை.

"நீங்க என்னை ஒரு விமானியா பாக்கலை அண்ணி. வீட்டுப் பையனா பாத்தீங்க. இனிமே என்னை யாரு எதுக்குக் கூப்பிடுவாங்க?"

"டேய், உயிரோட வந்து நின்னு சண்டை போடுற. அதுவே எனக்குப் போதும்," என்று கணவர் நடுவில் புகுந்தார்.

"நீ சும்மா இருண்ணா. உனக்குப் புரியாது."

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "சரி. அப்ப நீ எதுக்கு அண்ணின்னு கூப்பிட்ட?"

அவன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மறுசோதனைக்கு வந்த விமானி கொழுந்தனோடு சேர்ந்து பயிற்சி பெற்றவன். உருவம் அப்படி என்பதால் கப்பல் முழுக்க அவனுக்கு ஊசி என்றுதான் பெயர். அவள் கப்பலின் குறுகிய நடைவழியில் அவனைப் பிடித்து நிறுத்தினாள்.

"கொக்கி பத்தித் தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம். முனையைக் கூராக்கிக் குடுத்திருக்காங்களாம். இப்ப பிடிக்கும்கறாங்க."

"இடத்தை மாத்தலையே."

"இடத்தை மாத்தணும்னா வாலையே மாத்தணுமாம்." அவன் சிரித்தான். "நான் முடியாதுன்னு சொன்னா, உங்க கொழுந்தனுக்கு வக்காலத்து வாங்குறேன்னு சொல்வாங்க. வேற ஒருத்தனை ஏத்துவாங்க. அவ்வளவுதான்."

"மூணுக்கு மேல கேக்காதே. சொல்லிட்டேன்."

"நான் கேக்க மாட்டேன். அவங்களா குடுத்தா வேண்டாம்னும் சொல்ல முடியாது மேடம்."

மறுசோதனையன்று அவள் கோபுரத்தில், கண்ணாடிக்குப் பின்னால் நின்றாள். கொழுந்தனும் வந்திருந்தான். பக்கத்தில்தான் நின்றான்.

ஈட்டி வந்தது, தாண்டியது. வந்தது, தாண்டியது. மூன்றாவதும் போனபோது கரைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தாள். அனுப்பவில்லை. இன்னொன்று கொடுத்தார்கள்.

ஊசி இந்தத் தடவை வேறு மாதிரி வந்தான். வழக்கத்தைவிடச் செங்குத்தாக, கொக்கியைத் தளத்தில் குத்தி இறக்குகிறவன் மாதிரி வந்தான். "ஐயோ, ரொம்ப வேகமா இறக்குறான்," என்று கொழுந்தன் வாய்க்குள் சொன்னது அவளுக்குக் கேட்டது. விமானம் தளத்தில் இடித்தது. கொக்கி பிடித்தது. கோபுரத்தில் கைதட்டினார்கள்.

தட்டிக்கொண்டிருக்கும்போதே ஈட்டியின் வலது கால் முறிந்து உடலுக்குள் ஏறியது. இறக்கை தளத்தைக் கிழித்துக்கொண்டு சுழன்றது. கம்பி விடவில்லை. கடலுக்கு மேல் மூக்கு நீட்டியபடி விமானம் நின்றது. நுரை பீய்ச்சுகிறவர்கள் ஓடினார்கள். கைதட்டல் ஒரே நேரத்தில் நிற்கவில்லை. விவரம் புரியப் புரிய ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

ஊசி பிழைத்தான். முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. நடப்பான், ஓட்ட மாட்டான் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். குழு எருமையைத் தேர்ந்தெடுத்தது. ஈட்டியைப் பற்றி மிகவும் மரியாதையான வார்த்தைகளில் எழுதி ஓரம் கட்டினார்கள். யார் மேலும் தப்பில்லை என்றும் எழுதினார்கள்.

மருத்துவமனைக்கு அவளும் கொழுந்தனும் சேர்ந்தே போனார்கள். இடுப்பிலிருந்து கழுத்து வரை கட்டுப் போட்டுப் படுத்திருந்த ஊசி கண்ணை மட்டும் திருப்பினான்.

"மச்சான், நான் பிடிச்சேனா இல்லையா? சொல்லு."

"பிடிச்சடா," என்றான் கொழுந்தன்.

"உன்னால முடியல. என்னால முடிஞ்சுது." சிரிக்கப் போனவன் வலியில் பல்லைக் கடித்தான்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகும் கொழுந்தன் வண்டியைக் கிளப்பவில்லை. சாவியைப் பிடித்தபடியே இருந்தான்.

"நானும் அப்படித்தான் இறக்கியிருப்பேன் அண்ணி. நீங்க இன்னொண்ணு குடுத்திருந்தா, இடிச்சு இறக்கணும்னுதான் நினைச்சு வச்சிருந்தேன்."

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கு அந்த ரூம்ல தலைவர் கேட்டதுக்கு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவன் ஏறியிருக்கவே மாட்டான்."

"பொய் சொல்லியிருக்கணும்கிறீங்களா?"

"அது பொய்யான்னுகூட எனக்குத் தெரியலையே தம்பி."

அவன் வண்டியைக் கிளப்பினான். வழியில் ஒரு கடையில் நிறுத்தித் தண்ணீர் வாங்கி, மூடியைத் திறந்து முதலில் அவளிடம் நீட்டினான். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. இருந்தாலும் பழையபடி வீட்டுக்கு வர ஆரம்பித்தான். எருமைப் பயிற்சிக்கு அவன் பெயரும் வந்தது.

அவள் மேலதிகாரியிடம் போய் ஒன்று கேட்டுக்கொண்டாள். கொழுந்தன் பறக்கிற நாட்களில் மேடையில் வேறு யாராவது நிற்கட்டும். அவர் உடனே ஒப்புக்கொண்டார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

கணவருக்கு அது பிடிக்கவில்லை. காலையில் கிளினிக்குக்குக் கிளம்பியவர் கதவருகே நின்றுவிட்டார்.

"அவன் வர்ற நாள்ல அங்க நீ நின்னாத்தானே எனக்குத் தைரியம்?"

"அதனாலதான் நிக்கலைங்க."

அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். அவளும் சீருடையை மாட்டிக்கொண்டு கப்பலுக்குக் கிளம்பினாள். அன்றைக்கு இறங்க வேண்டியவர்கள் எல்லோரும் அந்நியர்கள்.