எழுநூறு சரி

கண் மருத்துவமனையின் முன்பதிவுப் பிரிவில் முன்பெல்லாம் ஆறு பேர் இருந்தார்கள். இப்போது அவள் ஒருத்திதான். நோயாளிகளுக்குச் செய்தி அனுப்புவது, நாள் குறிப்பது, பதில் சொல்லாதவர்களின் நாளைத் தள்ளிவைப்பது எல்லாவற்றையும் ஏ.ஐ. ஏஜென்ட் தானாகவே பார்த்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரு மனிதர் ‘சரி’ என்று அழுத்த வேண்டும். அந்த மனிதர் அவள். ஒரு நாளைக்கு எழுநூறு ‘சரி’. வீட்டில் மகள் ஏதாவது கேட்டால்கூட, கேட்டு முடிப்பதற்குள் ‘சரி’ என்றுவிட்டு, என்ன கேட்டாள் என்று பிறகுதான் யோசிப்பாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு தையல்காரர் சுவரைத் தடவிக்கொண்டே அவள் மேசைக்கு வந்தார். இரண்டு கண்ணிலும் புரை. அன்றைக்கு அறுவை சிகிச்சை என்று வெறும் வயிற்றோடு வந்திருந்தார்.

“இன்னைக்கு லிஸ்ட்ல உங்க பேரு இல்லையே ஐயா. மூணு மாசம் தள்ளிப் போயிருக்கு. மூணு தடவை மெசேஜ் வந்திருக்கும், நீங்க பதிலே போடலை.”

“மெசேஜா?” அவர் குரல் உயரவில்லை. “கண்ணு தெரியலைன்னுதானேம்மா இங்க வர்றேன்? போன வாரம் ஒருத்தர் சட்டைக்குப் பட்டனெல்லாம் காலர்ல தச்சுக் குடுத்துட்டேன். நல்ல மனுஷன், ஒண்ணும் சொல்லாம வாங்கிட்டுப் போயிட்டாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே போனது. திரையில் ‘அனுமதித்தவர்’ என்ற இடத்தில் அவளுடைய ஊழியர் எண் இருந்தது. வெள்ளி மாலை, நாலு ஐம்பத்திரண்டு. அழுத்திய ஞாபகமே இல்லை.

பழைய நேரத்தையே கொடு என்று ஏஜென்டிடம் கேட்டாள். அதை வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்றது, மிகப் பணிவாக. அவள் எழுந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டு மாடி ஏறினாள்.

அறுவை அரங்கின் வாசலில் தலைமை நர்ஸ் மறித்தாள். “கம்ப்யூட்டர்ல இல்லாத ஆளை நான் எப்படிங்க உள்ள விடுறது?”

“தப்பு என்னோடது சிஸ்டர். படிக்காம அழுத்திட்டேன்.”

நர்ஸ் கதவிலிருந்து கையை எடுத்தாள். “டாக்டர்கிட்ட கேக்கறேன். கடைசி ஆளா வேணா பண்ணலாம். சாயந்தரம் வரைக்கும் சாப்பிடாம இருப்பாரா?”

“மூணு மாசத்துக்கு சாயந்தரம் எவ்வளவோ தேவலைம்மா,” என்றார் தையல்காரர்.

டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். ஐந்தரை மணிக்கு ஒரு கண் முடிந்தது.

அதற்குள் அவள், ‘பதில் வரவில்லை’ என்று கடந்த ஒரு மாதத்தில் தள்ளிவைக்கப்பட்டவர்களைத் தேடியெடுத்திருந்தாள். நாற்பத்தோரு பேர். ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட ஆரம்பித்தாள். சிலர் வேறு மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். ஒருவர் இறந்துவிட்டிருந்தார். பலருக்குத் தள்ளிப்போன விஷயமே தெரியாது.

மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். “முந்நூறு ‘சரி’ அழுத்தாம அப்படியே நிக்குதே?”

“நிக்கட்டும் சார்.”

“இதுக்குத்தானேம்மா ஏஜென்ட் வச்சிருக்கோம்?”

“அது ஒழுங்காத்தான் சார் கேக்குது, தள்ளிவைக்கலாமான்னு. நான்தான் என்னன்னு பார்க்காம சரின்னுட்டிருக்கேன்.”

அவர் தன் அறைக்குப் போனார். இரண்டு வாரம் கழித்து ஒரு சுற்றறிக்கை வந்தது: அறுவை சிகிச்சை எதையும் போனில் பேசாமல் தள்ளிவைக்கக் கூடாது. பேசுவது யார் என்று அதில் இல்லை. அதுவும் அவள் தலையில்தான் விழுந்தது. அவள் சுடுதண்ணீர் ஒரு மிடறு குடித்துவிட்டு, அடுத்த எண்ணை அழுத்தினாள்.