சைப்ரஸ் வேலையில் சேரும் நாள்

பிரமிளா இறந்த நாற்பதாம் நாள் அவளுடைய வேலை வீட்டு முன்னால் நின்ற சைப்ரஸ் மரத்துக்குக் கிடைத்தது. கருணை அடிப்படையில். தோட்டக்கலை அலுவலகத்தில் அவள் உட்கார்ந்திருந்த அதே இடம். நாற்காலியை எடுத்துவிட்டு எட்டடிக்குக் குழி வெட்டியிருந்தார்கள். மேலே கூரை ஓடுகளையும் கழற்றியாயிற்று.

அதில் அவள் கணவன் தயாபரனுக்கு வருத்தமில்லை. மரம் அவனைவிட மூத்தது. நாற்பது வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறது. அந்த வேலைக்கு அதுதான் தகுதி.

வாரிசுச் சான்றிதழ்தான் உறுத்தியது. அதில் மரத்தின் பெயர் மட்டுமே இருந்தது. கணவர் என்ற கட்டத்தில் ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்டிருந்தார்கள். அவசரத்தில் விட்டுப்போனது இல்லை. யாரோ யோசித்துப் போட்ட கோடு.

ஜனவரி மாதம். கோத்தகிரியில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்த காலையில் கிரேனும் ஆறு ஆட்களும் வந்தார்கள். மேஸ்திரி சூசை மரத்தைச் சுற்றி வட்டமாகத் தோண்டி, மண் உதிராமல் வேரை ஈரச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார்.

"மெதுவா பேசுங்க சார். பனியில தூங்குது. இப்ப தூக்கினாத்தான் அதுக்குத் தெரியாது."

"தெரிஞ்சா?"

"சேர்ந்த அன்னைக்கே லீவு போட்டுரும்."

ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தயாபரன் மரத்தைப் பார்த்தான். தூங்குகிற மரம் இவ்வளவு நேராக நிற்காது என்று தோன்றியது.

தாலுகா அலுவலகத்திலிருந்து ருக்மாங்கதன் வந்திருந்தார். குழி ஓரமாக முக்காலி போட்டு, மடியில் கோப்புடன் உட்கார்ந்திருந்தார். தன் பெயரையும் சான்றிதழில் சேர்க்கச் சொல்லி தயாபரன் மனுவை நீட்டினான்.

"ஏற்கெனவே இருக்கற வாரிசு சம்மதிக்கணும் தம்பி. கிரேன் தூக்கற வரைக்கும் இது வாரிசு. தூக்கிட்டா அரசு ஊழியர். அப்புறம் நாம ஒண்ணும் கேக்க முடியாது."

"நான் அவ புருஷன் சார்."

"தெருவுல விசாரிச்சேன். தினம் காலைல காபியோட வெளிய வருவாங்களாம். அரை மணி நேரம் மரத்துகிட்டப் பேசுவாங்களாம். நீங்க எங்க இருந்தீங்க?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"வீட்டுக்குள்ள."

"சாட்சி யாரு?"

தயாபரன் யோசித்தான். பிரமிளாதான் சாட்சி.

"மரம் பதினெட்டுப் பக்கம் வாக்குமூலம் குடுத்திருக்கு," என்றார் ருக்மாங்கதன்.

"என்னைப் பத்தியா?"

அவர் கோப்பை மூடி, முக்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

முக்காலியிலிருந்து மரம் ஆறடி தூரம். நடந்து சேரக் கால் மணி நேரம் ஆயிற்று. வழியில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டான்.

அவ்வளவு பக்கத்தில் அவன் அதைப் பார்த்ததில்லை. பிரமிளாவின் தோள் உயரத்தில் பட்டை வழவழவென்று தேய்ந்திருந்தது. கீழே ஒரு வேர் மேலாகப் புடைத்திருந்தது. அதில் காபிக் கறை, டம்ளர் வைத்த வட்டமாக. பக்கத்திலேயே இன்னொரு வட்டம். இரண்டு டம்ளர்.

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டான்.

மரம் தூங்குவதுபோல் இருந்தது.

"சரி, அது வேண்டாம். சம்மதம் மட்டும் சொல்லு."

ஒரு துளி பனி அவன் சட்டைக் காலருக்குள் விழுந்தது. தற்செயலாக விழுந்ததாகத் தெரியவில்லை.

"கயிறு மாட்டியாச்சு சார்," என்றார் சூசை. "சீக்கிரம்."

ருக்மாங்கதன் இரண்டே எட்டில் வந்து சேர்ந்தார். பட்டையில் காதை வைத்தார்.

"இவரு அவங்களுக்கு என்ன உறவு?"

நெடுநேரம் கேட்டார். தலையாட்டினார். "எத்தனை வருஷமா?" என்றார். தயாபரனை மேலும் கீழும் பார்த்தார். "அட, அப்படியா!" என்றார். ஏதோ ஓர் இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது, கையால் துடைத்துக்கொண்டார். தயாபரன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"சம்மதிச்சிருச்சு தம்பி. பெரிய மனசு." முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினார். முத்திரை குத்தினார். கையை உயர்த்தினார்.

கிரேன் தூக்கியது. மரம் சாக்கு கட்டிய காலோடு மதிலைத் தாண்டி லாரிக்குப் போயிற்று. ஓர் இலைகூட உதிரவில்லை. லாரி வளைவில் மறையும் வரை அது திரும்பிப் பார்க்கவில்லை. தூக்கத்தில் இருக்கிறவர்கள் அத்தனை கவனமாக இருக்கமாட்டார்கள்.

தயாபரன் காகிதத்தைப் படித்தான்.

பெயர்: தயாபரன். வயது: முப்பத்தொன்று. உறவு: உடன் குடியிருந்தவர்.

"தப்பு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிருங்க," என்றார் ருக்மாங்கதன். "அப்புறம் திருத்த முடியாது."

தயாபரன் மறுபடியும் முதலிலிருந்து படித்தான். தப்பு எதுவும் இல்லை. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.