பதினோரு கையெழுத்து

மே மாதக் கடைசியில் சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்ததிலிருந்து மார்லிஸ் டோர்ன் தன் வீட்டு மேஜையில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட்டதில்லை. தொகுதி என்றால் சும்மாவா? கவுண்டி என்கிற மாவட்டம் மூன்று, ஊர் பத்தொன்பது. கோடை வந்தால் ஊருக்கு ஊர் திருவிழா. ஓர் ஊரில் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் பரிமாற வேண்டும். இன்னோர் ஊரில் பால் கறக்கும் போட்டியில் உட்கார்ந்து, முன்பின் பழக்கமில்லாத மாட்டிடம் மானத்தைப் பறிகொடுக்க வேண்டும். குறை கேட்பது தனி. ஏரியில் வாத்து பெருகிவிட்டது, கரையில் கால் வைக்க முடியவில்லை. போஸ்ட் ஆபீஸை மதியம் இரண்டு மணிக்கே மூடிவிடுகிறார்கள். பள்ளி பஸ் எங்கள் பாதைக்குள் திரும்ப மாட்டேன் என்கிறது. அவள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்பாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு அது பிடித்தும் இருந்தது.

அதெல்லாம் ஜூலை பதினெட்டாம் தேதி வரைக்கும்தான். அன்றைக்கு ஒரு கடிதம் வந்தது. அதன் பிறகு அவளால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். கார் சாவியைக் கையில் எடுப்பாள், எங்கே போவது என்று தெரியாமல் திரும்ப மாட்டுவாள்.

கடிதம் அவளுடைய சொந்த ஊரான ஹால்வரின் ஆம்புலன்ஸ் பற்றியது. ஹால்வரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நாற்பத்திரண்டு மைல். ஊருக்கு இருப்பது ஒரே வண்டி. அதைச் சம்பளமில்லாமல் ஓட்டுகிறவர்கள் பதினோரு பேர். அதில் பயிற்சி முடித்தவர்கள் நான்கு பேர்தான்; மற்ற ஏழு பேரும் வண்டி ஓட்டுவார்கள், ஆளைத் தூக்குவார்கள். அழைப்பு வந்தால் பயிற்சி பெற்றவர் ஒருவர், ஓட்டுநர் ஒருவர் என்று கிளம்பிவிடுவார்கள். முப்பது வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. புதுச் சட்டமோ, ஜனவரியிலிருந்து வண்டியில் பயிற்சி பெற்றவர்கள் இரண்டு பேர் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் உரிமம் கிடையாது என்றது. சின்ன ஊர்களுக்கு விலக்கு உண்டு. ஆனால் சேவையில் இருக்கும் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் ஜூலை இருபத்தொன்பது, திங்கட்கிழமை மதியத்துக்குள் தலைநகரத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

அந்தச் சட்டத்துக்கு மார்லிஸ் ஆதரவாக ஓட்டுப் போட்டிருந்தாள். கூட்டத்தொடரின் கடைசி நாள், கடைசி மணி நேரத்தில், சாலையிலிருந்து மீன்பிடி உரிமம் வரை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஆயிரத்து நானூறு பக்கத்தில் மேஜையில் போட்டார்கள். ஆம்புலன்ஸ் விஷயம் இருந்தது நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். எவர் படித்தார்? ஒருவரும் படிக்கவில்லை. கட்சி அலுவலகம் தந்த சுருக்கத்தில் ‘ஆம்புலன்ஸ் சேவைகளுக்கு உதவி’ என்று ஒரு வரி இருந்தது. அதை நம்பிப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். அதோடு விட்டாளா? ஜூன் மாதம் வீடு வீடாக அனுப்பிய துண்டறிக்கையில், ஆம்புலன்ஸ் பக்கத்தில் தான் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் போட்டு, ‘நம் ஊருக்கு உதவி பெற்றுத் தந்தேன்’ என்றும் அச்சடித்துவிட்டாள். ஊரே அதைக் கத்தரித்துப் பிரிட்ஜில் ஒட்டி வைத்தது. நன்றிக்கடனாக, இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை கோடை ஊர்வலத்துக்கு அவளைத் தலைவியாக்கி, அதே ஆம்புலன்ஸின் கூரைமேல் நாற்காலி போட்டு உட்கார வைப்பதென்று முடிவு செய்தார்கள்.

கடிதம் ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் போயிருக்க வேண்டும். அரசாங்கப் பட்டியலில் இன்னும் பழைய தலைவரின் மின்னஞ்சல்தான் இருந்தது. அவர் செத்து இரண்டு வருஷமாகிறது. ஆக, ஹால்வரில் இந்த விஷயம் தெரிந்தவள் மார்லிஸ் ஒருத்திதான். அவளுடைய கணவன் டுவைனிடம் மட்டும் நாலாம் நாள் சொன்னாள்.

“போன எடுத்து நம்ம ஆம்புலன்ஸ் வெர்லின்கிட்ட சொல்லிடேன். இதுல என்ன இருக்கு?” என்றான் டுவைன்.

“ஆகஸ்ட் பதிமூணு, யார் வேட்பாளர்னு கட்சிக்குள்ள தேர்தல். எதிர்ல நிக்கிற கென்ட்டு வெறும் வாயவே மெல்றவன். அவனுக்கு நானே அவலக் கொடுக்கணுமா?”

“அப்ப ஆம்புலன்சு?”

“ஆம்புலன்ஸ நான் பாத்துக்கறேன். நீ உன் மாத்திரைய முழுங்கு.”

பார்த்துக்கொள்வதற்கு அவள் போட்ட திட்டம் இதுதான். பதினோரு பேரும் ஒரே இடத்தில் சேர்வது வருஷத்துக்கு ஒரு நாள், இந்த ஊர்வலத்தன்றுதான். கூட்டத்தோடு கூட்டமாக விண்ணப்பத்தை நீட்ட வேண்டும். ‘சின்ன ஒரு தாள், போட்டுடுங்க’ என்று சிரிக்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் தானே மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டால் வண்டியும் பிழைக்கும், தன் பெயரும் பிழைக்கும். படிக்காமல் பொத்தானை அழுத்தியவளுக்கு, ஊரில் எல்லோரும் அப்படித்தான் என்று ஒரு நினைப்பு.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தானியக் கிடங்குக்குப் பின்னால் ஊர்வலம் வரிசை கட்டியது. டிராக்டர்கள், பள்ளிக்கூட பேண்டு, லூத்தரன் தேவாலயத்துப் பெண்கள் ஏறிய வைக்கோல் வண்டி, மிட்டாய் வாளிகளோடு சிறுவர்கள். மார்லிஸ் தோளில் ‘ஊர்வலத் தலைவி’ என்று தங்க எழுத்துப் போட்ட நீலப் பட்டை. அது கழுத்தை அறுத்தது. ஆம்புலன்ஸை வெர்லின் ஹாக் துடைத்துக்கொண்டிருந்தார். வயது அறுபத்தேழு, சர்க்கரை ஆலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர், சேவைக்கு இப்போது அவர்தான் தலைவர்.

“வெர்லின், இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. சின்ன விண்ணப்பம்தான்.”

“எதுக்கு?”

“நம்ம சேவைக்குத்தான். வழக்கமானதுதான். வரிசை கெளம்பப் போகுது, சீக்கிரம்.”

வெர்லின் துணியை மடித்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, அதையும் துடைத்து மாட்டிக்கொண்டார். “ட்ரூடி, இங்க வா” என்று கூப்பிட்டார். ட்ரூடி பள்ளிக்கூடச் சமையல்காரி, பயிற்சி முடித்த நால்வரில் ஒருத்தி.

அந்த வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு எந்த மருந்து கொடுத்தாலும், ஒருவர் குப்பியில் இருப்பதை உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பின்னால் ஒற்றை ஆளாக இருந்தால் ஓட்டுகிறவர் திருப்பிச் சொல்வார். வெர்லினுக்கு இது ரத்தத்தில் ஊறிப்போய், சுடும் இறைச்சிக்கு வாங்கிய மசாலாப் பொட்டலத்தைக்கூட அப்படித்தான் பிரிப்பார். ஊரே கேலி பேசும்.

“நீயே படி மார்லிஸ். நான் திருப்பிச் சொல்றேன். ட்ரூடி, நீ கேட்டுக்கோ.”

“ஐயோ, இதென்ன மருந்தா? நேரமாகுது வெர்லின்.”

“எனக்கு ஆகல. படி.”

மார்லிஸுக்கு வேறு வழியில்லை. படித்தாள்.

“ஜனவரி ஒண்ணு முதல், பயிற்சி பெற்ற இரண்டு பேர் இல்லாமல் எந்த ஆம்புலன்ஸும் செல்லக் கூடாது.”

“ரெண்டு பேர் இல்லாம போகக் கூடாது” என்றார் வெர்லின். “சரி, மேல.”

“தவறும் சேவையின் உரிமம் ரத்தாகும்.”

“உரிமம் ரத்தாகும். யாரோட உரிமம்? எங்களோடது. சரி, மேல.”

“விலக்குக் கோருவோர், உறுப்பினர் அனைவரின் கையெழுத்துடன், ஜூலை இருபத்தொன்பது மதியம் பன்னிரண்டு மணிக்குள்…”

வெர்லின் திருப்பிச் சொல்லவில்லை. ட்ரூடிதான் சொன்னாள்: “நாளன்னிக்கு.”

பேண்டுக்காரர்கள் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்லின் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்தச் சட்டத்துக்கு நீ ஓட்டுப் போட்டியா?”

“போட்டேன்.”

“படிச்சியா?”

“இல்ல. ஆயிரத்து நானூறு பக்கம்.”

“எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

“பதினெட்டாம் தேதி.”

விரல் விட்டு எண்ணினார் அவர். “ஒம்பது நாள். ஆயிரம் பக்கம் படிக்க முடியலங்கிறது எனக்குப் புரியுது. ஒம்பது நாள் வாயத் தொறக்கலியே, அதுதான் புரியல. டுவைனுக்கு நெஞ்சு வலி வந்தப்ப பின்னால எத்தன பேர் இருந்தோம்? நான் ஒருத்தன். முன்னால ஓட்டினது கார்ல். அவன் மாவு மில்லுலேருந்து சட்டையெல்லாம் மாவோட வந்தான். அந்தச் சட்டம் அன்னிக்கே இருந்திருந்தா நாங்க வண்டியவே எடுத்திருக்க மாட்டோம்.”

மார்லிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் இவர் ஆறுதல் சொல்லிவிடுவார், அது இன்னும் கேவலம் என்று அடக்கிக்கொண்டாள்.

வெர்லின் ஆம்புலன்ஸின் எஞ்சின் மூடிமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ட்ரூடி அடுத்துப் போட்டாள். “இன்னும் ஒம்பது பேர்” என்றார் அவர். “எல்லாரும் ஊர்வலத்துல ஆளுக்கொரு மூலைல இருக்காங்க. மத்தியானம் ஆளுக்கொரு தெசைல கலைஞ்சிடுவாங்க. நீ மேல ஏற வேணாம். கீழ எறங்கி ஒவ்வொருத்தர்கிட்டயும் போ. போய்ப் படி. முழுசாப் படி.”

ஹால்வரின் கடைத்தெரு மொத்தம் நாலே சந்து நீளம்தான். அதனால் ஊர்வலம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும் என்று இரண்டு சுற்று வருவார்கள். முதல் சுற்றில் கூரைமேல் காலி நாற்காலியோடு ஆம்புலன்ஸ் முன்னே போனது. தலைவி கீழே வேர்க்க விறுவிறுக்க ஓடினாள். இரு பக்கமும் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள், இது ஏதோ புது வேடிக்கை என்று கை தட்டினார்கள். அவள் டிராக்டரின் படியில் தொற்றி ஏறி கார்லிடம் படித்தாள். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

“இன்னும் சத்தமா!” என்று கத்தினார் கார்ல்.

கத்திப் படித்தாள். கார்லுக்குக் கேட்டதோ இல்லையோ, வங்கி வாசலில் இருந்த நாற்பது பேருக்குக் கேட்டுவிட்டது. கார்ல் வரிக்கு வரி திருப்பிச் சொல்லி, ஸ்டியரிங்மேல் தாளை வைத்துக் கிறுக்கினார். அடுத்து பேண்டில் டியூபா என்கிற பெரிய குழலை ஊதும் டீச்சர் லியான். ஊதி முடிக்கும் வரை பக்கத்திலேயே அடி போட்டு நடந்து, பாட்டு நின்றதும் படித்தாள்.

“அப்ப துண்டறிக்கையில வந்தது?” என்றாள் லியான்.

“தப்பு. நான் போட்ட தப்பு.”

“ம்” என்று பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள்.

இரண்டாவது சுற்றில் கை தட்டல் இல்லை. விஷயம் அவளுக்கு முன்னால் தெருவைச் சுற்றி வந்துவிட்டது. இந்த ஊர்க்காரர்கள் ஆளை நிறுத்தி வைத்துத் திட்ட மாட்டார்கள். அது அவர்களுக்கு வராது. கோபம் வந்தால் வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். மார்லிஸ் கடந்துபோகும் இடமெல்லாம், “மேற்கே கருக்குது பாரு”, “ராத்திரி மழை இருக்கும்போல” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். வானம் துடைத்துவிட்டதுபோல் நீலமாக இருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். எல்டா என்கிற கிழவி மட்டும் நாற்காலியிலிருந்து நிமிர்ந்து, “உன் படத்த எங்க வீட்டு பிரிட்ஜிலேருந்து எடுத்துடறேன்டி. பாக்கும்போதெல்லாம் பால் திரிஞ்சிடும்” என்றாள். வேடிக்கை பார்க்க உட்கார்ந்திருந்தவர்களில் மார்லிஸிடம் நேராகப் பேசிய ஒரே ஆள் அந்தக் கிழவிதான்.

ஒன்பதாவது கையெழுத்தில் பேனா மை தீர்ந்தது. உதறினாள், தாளில் கீறிப் பார்த்தாள், எழுதவில்லை. பத்தாவது ஆள் வைக்கோல் வண்டியில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார். நடுத்தெருவில் நின்று, “யார்கிட்டயாவது பேனா இருக்கா?” என்று கேட்டாள். இருநூறு பேர் வானத்தைப் பார்த்தார்கள். கூட்டத்திலிருந்து டுவைன் எழுந்து வந்தான். பேனாவைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகாமல், அவள் கூடவே நடந்தான். அவன் முகமும் கோபமாகத்தான் இருந்தது.

தானியக் கிடங்குக்குப் பின்னால் ஊர்வலம் வந்து நின்றபோது தாளில் பதினோரு கையெழுத்தும் இருந்தன. அவளுக்குத் தொண்டை கட்டிப் போயிருந்தது. வெர்லின் தாளை வாங்கி, மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் பார்த்து, உறையில் போட்டுத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“என்கிட்ட குடுங்க வெர்லின்” என்றாள் மார்லிஸ். “திங்கக்கிழம விடியக்காலைல கெளம்பிடறேன். எட்டு மணிக்கெல்லாம் ஆபீஸ் வாசல்ல நிப்பேன். சத்தியமா.”

“வேணாம். இப்பத்தான் ஆலைக்குப் போன் பண்ணி லீவு சொல்லிட்டேன். நானே போறேன்.”

“போக மூணு மணி நேரம், வர மூணு மணி நேரம். இந்த வயசுல தனியாவா ஓட்டுவீங்க?”

வெர்லின் ஆம்புலன்ஸின் பின்கதவைச் சாத்தி, சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்.

“தனியா இல்ல. ட்ரூடியும் வரா” என்றார். “வண்டில ரெண்டு பேர் இருக்கணும்னு நீங்கதானே சட்டம் போட்டிருக்கீங்க.”