விளக்கின் முதுகுப்புறம்

குற்றாலத்தில் அந்த ஆண்டு சாரல் பிடித்ததிலிருந்து வெயில் எட்டிப் பார்க்கவில்லை. காந்திமதிநாதன் அதற்குக் கவலைப்படவில்லை. வெயிலைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

தென்காசியில் வயலும் தோப்புமாக வாழ்ந்தவர். ஒரே மகள் குழல்வாய்மொழிக்குப் பத்தொன்பது வயதில் இடுப்பெலும்பில் க்ஷயம் கண்டது. வெயிலுக்கு ஈடான ஆர்க் விளக்கின் ஒளியைத் தினமும் இடுப்பில் காட்டினால் தேறலாம் என்றார் பாளையங்கோட்டை டாக்டர் ஒருவர். தேறிவிடும் என்றே காந்திமதிநாதன் எடுத்துக்கொண்டார். மதராஸிலிருந்து விளக்கு வந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்க எண்ணெய் இஞ்சினும் வந்தது. ஒரு துரை காலிசெய்த பங்களாவை வாடகைக்குப் பிடித்து, ஈரக்காற்று நுழையாத கண்ணாடிக் கொட்டகைக்குள் மகளின் கட்டிலைப் போட்டார்.

கட்டிலை நோக்கி விளக்கு நின்றது. அதன் தகர மூடிக்குப் பின்னால், மண்சட்டிகளில், துரை விட்டுப்போன லெட்டூஸ் கீரை.

"இது செவக்குற சாதி, ஐயா. வெளிச்சம் பத்தாம பச்சையாக் கெடக்கு," என்றாள் தோட்டத்து மாரித்தாய். "தொரை இருந்தா என்னைய ஏசியே தீத்திருப்பாரு. ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும். இதத் தட்டுல வச்சுத் திங்குதாரு மனுசன்."

குழல்வாய்மொழி சிரித்தாள். அவள் சிரித்து வெகு காலமாகியிருந்தது.

காலையில் மகளுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, விளக்கை ஏற்றிவிட்டு, காந்திமதிநாதன் வெளியே போய் இஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பார்க்க வந்த உறவினர் அவளிடம் எதைக் கேட்டாலும் பதில் அவரிடமிருந்தே வரும்: "லைட்டுக்கு நல்லாக் கேக்கு. சரியாப் போயிரும்."

ஐரோப்பாவில் சண்டை மூண்டிருந்தது. விளக்கில் எரியும் கரிக்குச்சிகளைக் கொண்டுவரும் கப்பல் வரவில்லை. கடைசி ஜோடியைப் பொருத்த வந்த அன்றுதான் அவர் கீரையைக் கவனித்தார். இலையோரம் முழுக்க மாதுளைத்தோல் சிவப்பு.

"பாத்தியா குழலு, லைட்டு பண்ணுத வேலைய! இலையே செவந்திருச்சுன்னா..."

பேச்சு பாதியில் நின்றது. தகர மூடிக்குப் பின்னால் வெளிச்சம் எப்படிப் போயிற்று? மகள் பக்கம் திரும்பினார். சட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்திருந்த மாரித்தாய் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரு திருப்புனா?"

"நாந்தான்." குழல்வாய்மொழி தலையணைக்கு அடியிலிருந்து விசிறிக் காம்பை எடுத்துக் காட்டினாள். "இதால லைட்ட அந்தப் பக்கம் தள்ளுவேன். நீங்க உள்ள வாரதுக்குள்ள பழையபடி இழுத்துருவேன்."

"ஏட்டி, கீரைக்கா நான் லைட்டு வாங்குனேன்?"

"மொதல்ல ஒரு மாசம் எனக்குத்தாம்ப்பா வச்சேன். ஒண்ணும் தெரியல. அதுக்கு வச்சேன், ஒரு வாரத்துல ஓரம் செவந்துச்சு." சற்று மூச்சு வாங்கினாள். "நம்ம கண்ணு முன்னால ஒண்ணு தேறுதத பாத்துக்கிட்டே கெடந்தேன்."

காந்திமதிநாதன் கையிலிருந்த குச்சிகளைப் பார்த்தபடி நின்றார். விளக்கை மகள் பக்கமே வைத்தால் அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேசாமல் கிடப்பாள். அது அவருக்குத் தெரியும்.

"மாரித்தாயி, அந்தச் சட்டிய இங்கன தூக்கு."

கீரைச் சட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டிலில், அவளுடைய மெலிந்த காலை ஒட்டி வரிசையாக வைத்தார். குச்சிகளைப் பொருத்தி விளக்கை ஏற்றினார். இடுப்பின்மேலும் இலைகள்மேலும் ஒரே வெளிச்சம் விழுந்தது. அன்று அவர் வெளியே போகவில்லை. விளக்குக்கு முதுகைக் காட்டி, மகள் முகத்தைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

குச்சி தேய்ந்து, சீறி, அணைந்தது. வெளியே இஞ்சின் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்த யாரும் எழவில்லை. கண்ணாடிக் கூரைமேல் சாரல் வழிந்தது.

குழல்வாய்மொழி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஓர் இலையைக் கிள்ளி நீட்டினாள். அவர் வாயில் போட்டு மென்றார்.

"நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாதீங்க. கசக்கும்."

"கசக்கு," என்று ஒப்புக்கொண்டார். விழுங்கினார். பிறகு, குற்றாலத்துக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டார்.

"வலிக்காம்மா?"

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குப்பா. ரொம்ப வலிக்கு."