வெளியில் வைத்த முட்டை

கரண்டி அடிக்கிற பட்டறையில் அவருக்கு அரைநூல் என்று பெயர். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி பிசகியிருந்தாலும் அடித்த கரண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் அச்சின் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிடுகிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? வைத்தவர்கள் என்னவோ கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் அதைப் பட்டம் கொடுத்ததுபோல ஏற்றுக்கொண்டார். மற்றவர்கள் பேனா வைக்கிற சட்டைப் பையில் அவர் வெர்னியர் காலிப்பர் என்கிற அளவுக் கருவியை வைத்திருப்பார். அலமாரிக் கதவு இழுத்துப் பிடித்தாலும், மகளின் செருப்பு கடித்தாலும் அது வெளியே வந்துவிடும். இப்படிப்பட்டவர்களிடம் ஒரு சங்கடம் உண்டு. தாங்கள் அளந்தது போக உலகத்தில் மீதி ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவருடைய மனைவிக்கும் வேலை செய்யும் இடத்தில் ஒரு பெயர் இருந்தது. முட்டையக்கா. ஒரு கேக் கடையின் பின்பக்கத்தில், அடுப்பறைக்கு அடுத்த அறையில், பன்னிரண்டு வருடமாக முட்டை மேசை அவளுடையது. தினமும் இருநூறு முட்டை. உடைத்து உள்ளங்கையில் விட்டு விரல்களைக் கொஞ்சம் விரிப்பாள். வெள்ளைக்கரு வழிந்து கிண்ணத்தில் விழும், மஞ்சள்கரு கையிலேயே உட்கார்ந்திருக்கும். அதைப் பக்கத்துப் பாத்திரத்தில் சேர்த்துவிட்டு, கிண்ணத்தை ஒரு பார்வை பார்த்து, அதற்குப் பிறகுதான் பெரிய அண்டாவில் ஊற்றுவாள். ஒரு சொட்டு மஞ்சள் கலந்துவிட்டால் போதும், அந்த அண்டா முழுவதும் எவ்வளவு அடித்தாலும் ஒழுங்காக நுரைத்து எழாது. நுரை எழாவிட்டால் கேக்கின் மேல் பூச்சு கிடையாது. பூச்சு இல்லாத கேக்கைப் பார்த்துவிட்டுக் கேக் மாஸ்டர் பேசுகிற பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியாது.

அந்தக் கையின் மணிக்கட்டுதான் இந்த வருடம் வீங்கிப் போனது. டாக்டர் பட்டை சுற்றிவிட்டு, கையைத் திருப்பித் திருப்பி மடக்கக் கூடாது, பாரம் தூக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார். மாஸ்டருக்கு வாய் நீளம் என்றாலும் மனசு நல்ல மனசு. இன்னும் இரண்டு மாதம் பார்க்கலாம், முடியாவிட்டால் அட்டைப் பெட்டி மடிக்கிற பக்கம் போய்விடுங்கள் அக்கா, அங்கே உட்கார்ந்துகொண்டே வேலை செய்யலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

“பெட்டி மடிக்க யாரா இருந்தா என்ன” என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அரைநூலுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அவள் முட்டை மேசையிலேயே நிற்க வேண்டும், கை வலிக்காமல் நிற்க வேண்டும். இதற்கு ஒரு கருவி செய்யாவிட்டால் இத்தனை வருடம் தகட்டோடு மல்லுக்கட்டி என்ன பிரயோஜனம் என்று கிளம்பிவிட்டார்.

மறுநாளிலிருந்து வீடு பட்டறை ஆயிற்று. நீளக் காம்பு வைத்த ஒரு சின்னக் கிண்ணம். அதன் அடியைச் சுற்றி வளைவாக நான்கு வெட்டு. முட்டையை உடைத்து ஊற்றினால் வெள்ளை அந்த வெட்டு வழியாக இறங்க வேண்டும், மஞ்சள் மேலேயே தங்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு முட்டையாக எடுத்து உடைத்தார். மஞ்சள்கருவின் குறுக்களவு, உயரம் இரண்டையும் மகளின் பழைய கணக்கு நோட்டில் எழுதினார். வெட்டு ஒரு நூல் இருந்தால் வெள்ளை இறங்க மறுத்தது. ஒன்றரை நூல் இருந்தால் மஞ்சளும் கூடவே எட்டிப் பார்த்தது. நாற்பது முட்டைக்குப் பிறகு ஒன்றேகால் நூலில் வந்து நின்றார். மூன்று வாரம் அந்த வீட்டில் ஒரு நாள் வெள்ளை ஆம்லெட், மறுநாள் மஞ்சள் ஆம்லெட்.

“முழு முட்டை எப்படி இருக்கும்னே மறந்துபோச்சுப்பா” என்றாள் மகள். அந்தக் கருவிக்கு, கரண்டிக்கும் சல்லடைக்கும் பிறந்த பிள்ளை என்று பெயர் வைத்தவளும் அவள்தான். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பிரிகரண்டி என்றே சொல்லிவந்தார்.

இந்த மூன்று வாரத்தில் மனைவி ஒரே ஒரு முறைதான் ஒரு கேள்வி கேட்டாள். அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே, “வெளிய வெச்ச முட்டையில பாத்தீங்களா?” என்றாள்.

அவர் கண் காலிப்பரின் கோட்டில் இருந்தது. “முட்டைன்னா முட்டைதானே” என்றார்.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டு கிளற ஆரம்பித்தாள். அவர் அதைப் பார்க்கவில்லை.

பிரிகரண்டியைக் கடையில் காட்டிய நாளில் அரைநூலுக்குத் தலைகால் புரியவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தார். மாஸ்டரும் அடுப்புக்காரரும் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். மனைவி உள்ளேயிருந்து ஒரு தட்டு முட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். முப்பது முட்டை, முப்பதும் கச்சிதம். ஒரு மஞ்சள்கருகூட உடையவில்லை. கையை மடக்கவே வேண்டியிருக்கவில்லை. மாஸ்டர் ஒரு பாராட்டுக்கு ஒரு குறை சேர்த்துச் சொல்கிற மனிதர். அவரே குறை எதுவும் கிடைக்காமல், நல்லா இருக்கு அண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அரைநூல் மனைவியைப் பார்த்தார். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு நூல் குறைந்தது அவருக்குத் தெரியவில்லை. அதை அளக்கக் கருவி இல்லையே.

அதற்குப் பிறகு தினமும் அவள் வீட்டுக்கு வந்ததும், கரண்டி எப்படி என்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்பாள். ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று. மணிக்கட்டு மட்டும் வடியவில்லை. வடியாதது மட்டுமில்லை, சாயங்காலத்தில் விரல் வரைக்கும் உப்பிக்கொண்டு வந்தது. நாளாகும் என்று அவள் சமாளித்தாள். அரைநூல் இரண்டு நாள் யோசித்துவிட்டு, காம்பு ஒல்லியாக இருக்கிறது, அதனால்தான் பிடிக்கும்போது கை இறுகுகிறது என்று ஒரு முடிவுக்கு வந்தார். அவள் கரண்டியைப் பிடிக்கிற பிடியை அளந்துவிட்டால் புதுக் காம்பு அடித்துவிடலாம். ஒரு நாள் காலையில் பட்டறையில் மின்சாரம் நின்றுபோக, நேரே கேக் கடைக்குப் போனார். சொல்லிக்கொண்டு போகவில்லை.

பின்கதவு வழியாக நுழைந்தபோது முட்டை மேசையில் யாரும் இல்லை. நடையின் கடைசியில் இரண்டு படி கீழே குளிர்அறை. அதன் கனத்த கதவு திறந்தது. முட்டையக்கா வெளியே வந்தாள். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முட்டைத் தட்டு, அறுபது முட்டை, இடது கையால் அடியில் தாங்கி, பட்டை சுற்றிய வலது கையை மேலே அணைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே வந்ததும் சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் நின்றாள். எதிரில் புருஷனைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

அரைநூல் தட்டுகளை வாங்கி மேசையில் வைத்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த மாஸ்டருக்கு, புரிய வைப்பதில் தயக்கம் இல்லை.

“உங்க கரண்டிக்காகத்தான் அண்ணே இந்தப் பாடு. சாயங்காலம் எல்லாத் தட்டையும் உள்ள கொண்டுபோய் வெக்கணும், காலையில திரும்பி வெளிய கொண்டு வரணும். பிரிச்ச வெள்ளையை வேற வெந்நீர்ல உக்கார வெச்சுச் சூடு காட்டணும், இல்லேன்னா நுரை எழ ஒரு யுகம் ஆகுது. முன்னாடி இதெல்லாம் கிடையாது, முட்டை இங்கதான் இருக்கும். ஏன்க்கான்னு கேட்டா, கரண்டிக்கு ஜில்லுனு இருந்தாத்தான் ஆகுமாம்.” இதைச் சொல்லிவிட்டு ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

மாவு கலக்குவதற்காக ஒரு தட்டு முட்டை அடுப்பறைச் சுவரோரம் வெளியிலேயே இருந்தது. அரைநூல் அதிலிருந்து ஒன்றை எடுத்தார். ஓடு வெதுவெதுப்பாக இருந்தது. பிரிகரண்டியில் உடைத்து ஊற்றினார். மஞ்சள்கரு வீட்டில் நின்றதுபோல நிமிர்ந்து நிற்கவில்லை. தளர்ந்து பரந்து வெட்டின் விளிம்பில் போய்ப் படிந்தது. மெல்லக் கிழிந்தது. கீழே வெள்ளையில் ஒரு மஞ்சள் கோடு இறங்கிற்று. இன்னொன்று உடைத்தார். அதுவும் அப்படியே. மூன்றாவதை எடுத்தவர், உடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். வெளியே வைத்த முட்டையில் பார்த்தீர்களா என்று அடுப்படியில் கேட்ட குரல் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

அவமானமாக இருந்தது. கருவி தோற்றதற்காக இல்லை. பாரம் தூக்காதே என்று டாக்டர் சொன்ன கை, அவருடைய கருவி ஜெயிப்பதற்காக இரண்டு வாரம் பாரம் தூக்கியிருக்கிறது.

“ஏன் சொல்லல?” என்றார்.

“கேட்டேனே. முட்டைன்னா முட்டைதானேன்னீங்க.”

“இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்லியிருக்கலாம்.” அவள் மேசையைத் துணியால் துடைத்தாள். ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசை. “மூணு வாரம் எனக்காக உக்காந்து அரம் போட்டீங்க. அந்த மூஞ்சியைப் பாத்துட்டு எனக்குச் சொல்ல வரல. இது என் தப்புதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். நாப்பது முட்டையை எடுத்து எடுத்து அளந்தீங்க. தினம் எரநூறு உடைக்கிறவ பக்கத்துலதான நின்னா? அவளை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையே உங்களுக்கு.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். உயர்த்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அரைநூல் முட்டையை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவித் துடைத்தார். மூலையில் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். உள்ளங்கையை நீட்டினார். அவள் புரியாமல் பார்த்தாள். உடைக்காமல் வைத்த அந்த மூன்றாவது முட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் அதை இடது கையால் மேசை விளிம்பில் தட்டி அவர் கையில் விட்டாள். வழவழவென்று விழுந்ததும் அவர் விரல்கள் தாமாக இறுகின, மஞ்சள்கரு உடைந்து மணிக்கட்டு வரை வழிந்தது. நாற்பது முட்டையை அளந்தவர் ஒன்றைக்கூடக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

“புடிக்காதீங்க. சும்மா இருக்க விடுங்க” என்றாள்.

அடுத்தது ஒரு கணம் நின்றது. அதற்கடுத்தது உட்கார்ந்தது. குழந்தையின் கன்னம்போல வெதுவெதுப்பாக, எடை இருந்தும் இல்லாமலும் இருந்தது. வெள்ளை விரலிடுக்கில் தயங்கித் தயங்கி இறங்கியது. இன்னொன்றை அவர் உடைத்துத் தர, அவள் தன் இடது கையில் வாங்கிக் காட்டினாள். பழைய புத்தி எங்கே போகும், அவர் காலிப்பரை எடுத்து அவள் விரலிடுக்கில் வைத்துவிட்டார். ஒன்றேகால் என்று காட்டியது. படித்து முடிப்பதற்குள் அரை நூலாகக் குறைந்தது, மறுபடி விரிந்து இரண்டாயிற்று. வெள்ளை கனத்து வரும்போது விரல்கள் திறந்தன, மஞ்சள் சாயும்போது மூடின. அவள் அதை நினைத்துச் செய்ததாகத் தெரியவில்லை. எந்த அளவை நோட்டில் எழுதுவது?

அவர் காலிப்பரைத் துடைத்தார். சட்டைப் பையில் வைக்காமல், தள்ளி ஜன்னலோரம் வைத்தார்.

“சரி, நீயே சொல்லு. எப்படி இருக்கணும்?”

பன்னிரண்டு வருடத்தில் அந்த மேசையைப் பற்றி அவளிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். புருஷனை ஒரு தடவை பார்த்தாள்.

“முதல்ல உள்ள இருக்கிற மிச்சத் தட்டை எல்லாம் வெளிய கொண்டாந்து வைங்க” என்றாள்.

அரைநூல் எழுந்து போய்க் கொண்டுவந்தார். ஐந்து தட்டு, மூன்று நடை. வேர்த்துப்போய்த் திரும்பி முக்காலியில் உட்கார்ந்தபோது அவள் பிரிகரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வெட்டே வேண்டாம். இதுதான் கிழிக்குது. மஞ்சளுக்கு உக்கார ஒரு குழி போதும். வெள்ளை ஒரு ஓரமா வழியணும், அந்த ஓரம் உதடு மாதிரி மழுங்கலா இருக்கணும். எவ்வளவு சாய்க்கணும்கறதை நான் பாத்துக்கறேன், அதை நீங்க செய்ய வேண்டாம்.”

சாய்வுக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று கேட்க அரைநூல் வாயைத் திறந்தார். அப்படியே மூடிக்கொண்டார்.

“அப்புறம்?” என்றார்.