நுரையாரின் பாட்டில்

காகித ஆலையின் கருவிப் பிரிவில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எல்லோருக்கும் அவர் நுரையார்தான். காற்றால் இயங்கும் வால்வு எதைத் தொட்டாலும் முதல் வேலையாக இடுப்பிலிருந்து சோப்புத் தண்ணீர் பாட்டிலை உருவிவிடுவார். மற்றவர்கள் காற்றுக் குழாயைத் திறந்துவிட்டு, தலையைச் சாய்த்து, எங்காவது 'ஸ்ஸ்' என்று வருகிறதா என இரண்டு நொடி கேட்பார்கள். வரவில்லையென்றால் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். நுரையார் அப்படியில்லை. ஒவ்வொரு இணைப்பையும், ஒவ்வொரு போல்ட்டின் கழுத்தையும் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல நுரை பூசி, குமிழி கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். என்ன பொறுமை, என்ன பொறுப்பு என்று மேலிடத்தில் மெச்சிக்கொண்டார்கள்.

பொறுமையாவது மண்ணாங்கட்டியாவது! அந்த 'ஸ்ஸ்' அவருக்குக் கேட்காது. விஷயம் அவ்வளவுதான்.

மூன்று வருடமாக இந்த நிலைமை. இயந்திரம் இரைவது கேட்கும், ஆலைச் சங்கு கேட்கும், பக்கத்தில் நின்று பேசினால் பேச்சு கேட்கும். மெல்லிய, கூர்மையான சத்தங்கள் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டன. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். பார்வை மங்கிய வெல்டர் ஒருவரை ஆலை ஸ்டோருக்கு மாற்றியது. அவர் இப்போது கையுறைகளை ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருக்கிறார். நல்ல நாற்காலி, மின்விசிறி, எல்லாம் உண்டு. அந்த நாற்காலியைக் கடக்கும்போதெல்லாம் நுரையார் நடையை எட்டிப் போடுவார்.

இருபத்திரண்டு வருடம் வால்வுகளோடு வாழ்ந்தவர் அவர். ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தது போல இரண்டு இரும்பு மூடிகள், நடுவில் டயஃப்ரம் என்ற ரப்பர் திரை, மேலே ஸ்பிரிங், கீழே காற்று. காற்று ஏறினால் திரை உப்பித் தண்டைத் தூக்கும், வால்வு திறக்கும். காற்று போய்விட்டால் ஸ்பிரிங் அழுத்தி மூடிவிடும். மூன்று பவுண்டு காற்றில் தண்டு அசையத் தொடங்க வேண்டும், பதினைந்தில் முழுதாக ஏறி நிற்க வேண்டும். அந்த மூன்றாவது பவுண்டில் அவ்வளவு பெரிய இரும்பு மயிரிழை அசையும் பாருங்கள், அந்த அசைவை இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவர் வாய் பிளந்துதான் பார்ப்பார். அதை விட்டுவிட்டுக் கையுறைக்கு ஜோடி தேடுவதா?

அவருக்கு இன்னொரு தலைவலியும் இருந்தது. அது மனைவியின் தம்பி. அதே பிரிவில் ஃபிட்டர். நாற்பது வயது ஆள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் நுரையார் எங்கே போனாலும் சட்டையில் ஒட்டிய பசை மாதிரி கூடவே வந்துவிடுவான். தனியாக விட மாட்டான். வாயும் ஓயாது. "அத்தான், அந்த பம்ப் கீச்சுக்கீச்சுனு கத்துது பாருங்க." "அத்தான், பின்னாடி லாரி பீப் பீப்னு ரிவர்ஸ் வருது, இப்படி ஓரமா வாங்க." நாள் முழுக்க நேர்முக வர்ணனைதான்.

"உன் தம்பிக்குத் தனியா ஒரு வேலை செய்யத் துப்பில்ல. என் வாலைப் பிடிச்சுக்கிட்டே ரிட்டையர் ஆயிடுவான் போல" என்று வீட்டில் பலமுறை சொல்லியாகிவிட்டது. அவர் மனைவி அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். வேறு விஷயமென்றால் சத்தமாகப் பேசுவாள். இந்த இரண்டு மூன்று வருடமாக அவளுக்குக் குரல் ஏறிவிட்டது, வயதானால் கோபம் கூடும்தானே என்று இவரே சமாதானம் செய்துகொண்டார்.

அன்று காலை மச்சினன் வரும்போதே கொட்டாவியோடு வந்தான்.

"ராத்திரி பூரா ஒரே கொசு அத்தான். காதுகிட்ட வந்து பாட்டுக் கச்சேரி."

"எங்க வீட்டுல ஒண்ணு கிடையாது மாப்ள" என்றார் நுரையார் பெருமையாக. "ஜன்னலுக்கு நான் என் கையால வலை அடிச்சேன் பாரு, அன்னிக்கோட சரி. ஒரு ரீங்காரம் கிடையாது. வேணும்னா உனக்கும் வந்து அடிச்சுத் தரேன்."

மச்சினனுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

ஆலை நான்கு நாள் பராமரிப்புக்காக நின்றிருந்தது. மாலை மூன்று மணிக்கு மறுபடி ஓட்ட வேண்டும். ஈரக் காகிதத்தை உலர்த்தும் உருளைகளுக்கு நீராவி விடும் பெரிய வால்வுக்கு முந்தைய நாள்தான் இவர்கள் இருவரும் புது டயஃப்ரம் போட்டிருந்தார்கள். காலையில் காற்றைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தால், அது ஒரு நிலையில் நிற்கவில்லை. கட்டுப்பாட்டு அறை அறுபது சதவீதம் கேட்டால் தண்டு அறுபதுக்கு ஏறும், மெல்ல இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். தூக்கம் வராதவன் புரண்டு படுப்பது போல இருந்தது.

இன்ஜினியரம்மா வந்தார். வேறொரு ஆலையிலிருந்து ஆறு மாதம் முன்பு வந்தவர், கறாரான ஆள். வால்வின் பக்கவாட்டில் பொசிஷனர் என்று ஒரு சின்னப் பெட்டி உண்டு. கேட்ட இடத்துக்குத் தண்டு வந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைப்பது அதன் வேலை. அம்மா அதனருகே காதைக் கொண்டுபோனார்.

"இதுலதான் காத்து போகுது. நல்லாக் கேக்குது. பெட்டியை மாத்திடலாம்."

"மாத்த வேண்டாம்மா" என்றார் நுரையார். "பொசிஷனர் எப்பவும் மூச்சு விட்டுக்கிட்டேதான் இருக்கும். உள்ள காத்து இருக்கற வரைக்கும் அந்தச் சத்தம் நிக்காது. நின்னாத்தான் நாம பயப்படணும்."

"அது தெரியும். ஆனா இவ்வளவா விடும்? வழக்கத்தை விட அதிகமா இல்ல?"

இவ்வளவா என்றால் எவ்வளவு? நுரையார் தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கி, மும்முரமாகக் கேட்பது போல ஒரு பாவனை செய்தார். அதில் அவர் மூன்று வருட அனுபவசாலி. ஓரக்கண் மச்சினன் முகத்துக்குப் போனது.

"கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கு அத்தான்" என்றான் அவன், யாரும் கேட்காமலே.

"ஜாஸ்திதான்" என்று நுரையார் ஆமோதித்தார். "ஆனா பெட்டியிலேருந்துதான் வருதுன்னு எப்படிச் சொல்றது? அரை மணி கொடுங்க."

பாட்டில் வெளியே வந்தது. காற்றுக் குழாயின் இணைப்புகளுக்கு நுரை பூசினார், குமிழி இல்லை. இரண்டு மூடிகளும் சேரும் விளிம்பைச் சுற்றி வந்தார், இல்லை. தண்டு வெளியே வரும் இடத்தில் பூசினார், அங்கேயும் இல்லை. பிறகு ஏணியில் ஏறினார். மேல் மூடியில் ஒரு சின்ன மூச்சுத்துளை உண்டு. ஸ்பிரிங் இருக்கும் பக்கம் அது. அங்கே காற்றே கொடுப்பதில்லை என்பதால் அதை யாரும் சட்டை செய்வதில்லை. காதை நம்புகிறவர்களுக்குப் பெட்டியின் மூச்சும் இதன் மூச்சும் ஒன்றாகத்தான் கேட்கும், பக்கத்தில் இருக்கும் பெட்டியின் மேல்தான் பழி போகும். நுரையாரின் காது அவரை ஏமாற்ற வழியே இல்லை. துளையின் மேல் ஒரு பொட்டு நுரை வைத்தார். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழி நிதானமாக உப்பியது, வெடித்தது, மறுபடி உப்பியது.

"கீழ கொடுக்கற காத்து திரையைத் தாண்டி மேல வருதும்மா. நடுவுல இருக்கற வாஷர் மடங்கியிருக்கும். நேத்து அதைப் போட்டது நான்தான். என் தப்புதான்."

அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. கை செய்த தப்பைக் கை சரிசெய்துவிடும் என்ற தெம்பு அவருக்கு எப்போதும் உண்டு.

காற்றை அடைத்தார்கள், ஸ்பிரிங்கின் இறுக்கத்தைத் தளர்த்தினார்கள், விளிம்பு போல்ட்டுகளைக் கழற்றினார்கள். நீளமான இரண்டு போல்ட்டுகளை மட்டும் கடைசிவரை விட்டுவைத்து, பிறகு அவற்றை இருபுறமும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். அவசரப்பட்டு அவற்றை முதலில் கழற்றினால் உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் மூடியை எகிற வைத்து, ஆளையும் ஒரு கை பார்த்துவிடும். உள்ளே வாஷர் அவர் சொன்னபடியே நாய்க்காது போல மடங்கிக் கிடந்தது. புதியதைப் போட்டு, எதிரெதிர் போல்ட்டுகளாகப் பார்த்து இறுக்கி, ஸ்பிரிங்கைத் திருப்பித் திருப்பி அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று பவுண்டில் தண்டு அசைந்தது. பதினைந்தில் முழுதாக ஏறி நின்றது. பெட்டியை இணைத்து அறுபது சதவீதம் கேட்டார்கள். அறுபதில் ஆணி அடித்தது போல நின்றது. மணி இரண்டு.

மூச்சுத்துளையில் நுரை அசையாமல் கிடந்ததை நுரையார் ஆசைதீரப் பார்த்தார். மனது நிறைந்திருந்தது. மனது நிறைந்திருக்கும்போதுதானே மனிதன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறான்.

இன்ஜினியரம்மா பரிசோதனைத் தாளோடு பெட்டியின் அருகே நின்று புன்னகையோடு கேட்டார். "சத்தம் இப்போ எப்படி இருக்குண்ணே?"

நுரையார் அவர் முகத்தைப் பார்த்தார். புன்னகை என்றால் நல்ல செய்தி. நல்ல செய்தி என்றால் சத்தம் இல்லை.

"சுத்தமா நின்னுடுச்சும்மா. ஒரு பொட்டு சத்தம் கிடையாது."

அம்மாவின் புன்னகை அப்படியே நின்றது. காற்று இருக்கும்வரை பெட்டியின் சத்தம் நிற்காது, நின்றால்தான் பயப்பட வேண்டும் என்று காலையில் இதே இடத்தில் நின்று சொன்னவர் இதே மனிதர். அந்தப் பெட்டி இப்போதும் அம்மாவின் முழங்கைக்குப் பக்கத்தில் 'ஸ்ஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மச்சினன் சுத்தமாக இருந்த ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.

"பெட்டியில இன்னும் வருதேண்ணே" என்றார் அம்மா, மெதுவாக.

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மேலே இருக்கிற துளையைத்தான் சொன்னேன் என்றால் முடிந்தது, யாரும் மறுக்க முடியாது. மூன்று வருடமாக இப்படி எத்தனை பூசி மெழுகியிருக்கிறார்! ஆனால் இன்றைக்குக் குமிழி உப்பியதைப் பார்த்த அதே கண்ணால் இந்த அம்மாவைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு அலுப்பாக இருந்தது. உண்மையாகவே அலுத்துவிட்டது.

"எனக்கு அந்தச் சத்தம் கேக்காதும்மா" என்றார். "மூணு வருஷமாச்சு. கனத்த சத்தம் கேக்கும், பேச்சு கேக்கும். காத்துச் சத்தம் மட்டும் கேக்காது. அதான் இந்த பாட்டில்."

சொன்ன பிறகுதான் ஸ்டோரின் நாற்காலியும் மின்விசிறியும் கண்முன் வந்து போயின.

"நீராவி அலாரம் கேக்குமா?"

"கேக்கும். அது சங்கு மாதிரி."

"லாரி ரிவர்ஸ் வர்ற சத்தம்?"

நுரையார் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார். 'காற்றுக் கசிவு: கேட்டுப் பார்த்தாயிற்று' என்று அச்சடித்திருந்த வரியைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் எதையோ எழுதினார்.

"காலையில எனக்குக் காது நல்லாக் கேட்டுது. கேட்டுத்தான் தப்பான பெட்டியைக் காட்டினேன்" என்றார். "இனிமே எல்லா வால்வுக்கும், எல்லாரும் சோப்புதான். தாளை மாத்தச் சொல்றேன். நீங்க வால்வு வேலையிலேயே இருங்க. ஆனா திங்கக்கிழமை காது டாக்டர்கிட்ட போறீங்க. இன்னொண்ணு, இனிமே நீங்க தனியா எங்கயும் வேலைக்குப் போகக் கூடாது. கூட ஒருத்தர் எப்பவும் இருக்கணும். இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

அவர் போன பிறகு நுரையார் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு நடந்தார். ஸ்டோர் பயம் தீர்ந்ததும் ரோஷம் வந்துவிட்டது.

"பாத்தியா மாப்ள? இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தனியாப் போகக் கூடாதாமே! நான் என்ன நடை பழகுற பிள்ளையா? கூட ஒரு ஆள் போட்டு..."

"நீங்க எப்போ அத்தான் தனியாப் போனீங்க?"

மச்சினன் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நடந்துகொண்டே, பையைத் தோள் மாற்றிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னான். நுரையார் நின்றுவிட்டார். பம்ப் கீச்சிடுது பாருங்க, லாரி வருது ஓரமா வாங்க, கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கு அத்தான். மூன்று வருட வர்ணனை மொத்தமும் ஒரே நேரத்தில் வந்து அவர் முன்னால் நின்றது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அக்கா சொல்லித்தான். 'அவர் வாய் திறந்து சொல்ற வரைக்கும் நீயும் வாயைத் திறக்காதே, ஆனா ஒரு அடி விலகாதே'ன்னா."

"அவளுக்கு எப்படித் தெரியும்?"

மச்சினன் தலையைச் சொறிந்தான். நுரையாருக்கு ஒரு சந்தேகம் தட்டியது.

"மாப்ள, உண்மையைச் சொல்லு. எங்க வீட்டுல கொசு இருக்கா?"

"பட்டாளமே இருக்கு அத்தான். நீங்க தூங்கின பிறகு அக்கா எழுந்து உங்க பக்கமா ஃபேனைத் திருப்பி வைக்கிறா."

நுரையாருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீரும் வந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. கோபக்காரி, கோபக்காரி என்று அவளை எத்தனை பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார்!

பிறகு இடுப்பிலிருந்து சோப்புத் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அதை அவர் இதுவரை வேறு யாரையும் தொடவிட்டதில்லை. மச்சினனிடம் நீட்டினார்.

"இதைப் பிடி. கொதிகலன் பக்கம் இன்னும் ரெண்டு வால்வு பாக்கி இருக்கு. லாரி வந்தாச் சொல்லு."

"அது வந்துக்கிட்டுதான் இருக்கு அத்தான். இப்படி ஓரமா வாங்க."

நுரையார் ஓரமாக வந்தார்.