பால் சுரக்காத நாளிலிருந்து

தான் பிரசவ அறையிலேயே செத்துப்போய்விட்டதை நிருஷா ஐந்து வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. கேட்கிறவர், "ஓம், எங்களுக்கும் தெரியும்" என்று தலையாட்டிவிட்டால் என்ன செய்வது?

அதற்கு முந்திய நிருஷாவை கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தரம் படித்த பிள்ளைகள் பலருக்குத் தெரியும். இரசாயனவியல் டியூசன் மிஸ். நூற்றிருபது பேர் இருக்கிற வகுப்பில் மைக் வேண்டாம் என்பாள். காலி வீதி பஸ்களின் ஹோர்ன் சத்தத்தையும் அடக்கிக்கொண்டு அவள் குரல் கடைசி வரிசை வாங்குவரை போகும். எட்டாம் மாத வயிற்றோடும் படியேறி வந்து சமன்பாடு எழுதியவள்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது மாசியில் றஷ்மி பிறந்தாள். பிள்ளை அழுத சத்தம் கேட்டது. ஆனால் நஞ்சுக்கொடி வெளியே வரவில்லை, இரத்தமும் நிற்கவில்லை. நிருஷாவுக்கு நோகவில்லை. கால்மாட்டில் ஓடித்திரிகிற செருப்புச் சத்தங்கள் மட்டும் தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தன. அப்போது ஒரு தாதி, "எயா கியா" என்றாள். சிங்களத்தில், அவள் போய்விட்டாள் என்று அர்த்தம். வேலை முடிந்து வீட்டுக்குப் போன யாரையாவது அவள் சொல்லியிருக்கலாம். நிருஷாவுக்கு அப்படிப் படவில்லை.

மூன்றாம் நாள் கண் விழித்தபோது, ஒன்பது பைகள் ஊரார் இரத்தம் அவள் உடம்பில் ஏறியிருந்தது. பிழைத்தது கடவுள் புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து மார்பில் போட்டார்கள். பிள்ளை சப்பியது, அழுதது, மறுபடியும் சப்பியது. ஒரு சொட்டும் வரவில்லை. மார்பு கட்டவுமில்லை, கனக்கவுமில்லை. துணி மூட்டைபோலக் கிடந்தது.

அவளுடைய கணவன் ஜனாவின் தாய் நேசமலர் யாழ்ப்பாணத்திலிருந்து பிள்ளைப்பேறு பார்க்க வந்தவர், பிறகு அவர்களுடனேயே தங்கிவிட்டார். பால் சுரக்கச் சுறாப்புட்டு அவித்தார். உள்ளி தட்டிப் போட்டுக் கஞ்சி காய்ச்சினார். ஒரு மாதமாகியும் பலனில்லை. கடைசியில் மாப்பால் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, "நான் நாலு பெத்தனான், நாலுக்கும் குடுத்தனான்" என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், நிருஷாவின் காதில் விழும்படியாக, பால் இல்லை என்ற கதையைச் சொன்னார்.

பிறகு குளிர் வந்தது. சித்திரை வெயிலில் ஜனா சேட்டைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்குக் கீழே இருப்பான். நிருஷா சுவெட்டர் போட்டு, போர்வைக்குள் கால்களை மடக்கிக்கொண்டு கிடப்பாள். வியர்வை என்பது அவள் உடம்புக்கு மறந்தே போயிற்று. மாதவிலக்கு திரும்பி வரவில்லை. கமக்கட்டில் ரோமம் உதிர்ந்து சின்னப்பிள்ளையினதுபோல வழுவழுவென்று ஆனது. புருவத்தின் ஓரங்கள் தேய்ந்தன. குளியலறைக் கண்ணாடியில் தெரிந்த முகம் மெழுகு நிறத்தில், வீங்கி, அசையாமல் இருந்தது. செத்தவீடுகளில் பெட்டிக்குள் இப்படி எத்தனையோ முகங்களை அவள் பார்த்திருக்கிறாள்.

இரத்தமில்லை, பாலில்லை, வேர்வையில்லை, பசியில்லை. உயிருள்ள ஆளுக்கு இருக்கிற எது தனக்கு இருக்கிறது என்று அவள் கணக்குப் பார்த்தாள். மூச்சு மட்டும்தான் மிஞ்சியது.

கொரோனாக் காலத்தில் முழு நாடுமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்ததால், அவள் படுத்துக் கிடந்தது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஊரடங்கு முடிந்து வகுப்பு தொடங்கிய முதல் நாள், பலகைக்கு முன்னால் வெண்கட்டியோடு நின்றவளுக்கு அடுத்த சொல் வரவில்லை. பிள்ளைகள் காத்திருந்தார்கள். முன்வாங்கில் ஒருத்தி கதிரையைக் காட்டி மெதுவாக, "மிஸ், இருங்கோ" என்றாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் மறுபடி போகவில்லை.

ஜனா கெட்டவன் அல்ல. கோட்டைப் பகுதியில் கப்பல் கம்பனியொன்றில் வேலை முடிந்து வந்து, சமைத்து, பிள்ளையைக் குளிப்பாட்டுவான். டொக்டர்மாரிடமும் கூட்டிப்போனான். ஒருவர் இரத்தசோகை என்று இரும்புக் குளிசை தந்தார். இன்னொருவர் மனச்சோர்வு என்றார். நேசமலர் காற்றுக்கறுப்பு என்று முடிவுகட்டி, கோயிலில் நூல் கட்டுவித்தார். கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் கூட்டிப்போய் மெழுகுதிரி கொளுத்தினார். எதுவும் நடக்கவில்லை. கொஞ்சங் கொஞ்சமாக, அவள் இருக்கிற அறையில் அவள் இல்லாததுபோலக் கதைக்க வீடு பழகிக்கொண்டது.

றஷ்மிக்கு நாலரை வயதிருக்கும். ஒருநாள் பின்னேரம் கூடத்தில் பொம்மைகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அப்பா பொம்மை சமைத்தது. அப்பம்மா பொம்மை கும்பிட்டது. மூன்றாவது பொம்மையைப் பாயில் நீட்டிக் கிடத்தி, கழுத்துவரை வெள்ளைக் கைலேஞ்சியால் மூடியிருந்தாள்.

"அது ஆர் குஞ்சு?" என்று நிருஷா வாசலில் நின்று கேட்டாள்.

"அம்மா."

"என்ன செய்யிறா?"

"ஒண்டும் செய்யேல்லை. அவ இருக்கிறா."

பிள்ளைக்கும் தெரிந்துவிட்டது என்று நிருஷா நினைத்தாள்.

அடுத்து வந்த தைமாதம் புதிதாக ஒரு மருத்துவ நிலையத்தில் இரத்தம் சோதித்தார்கள். தைரொயிட் குறைவு என்று கண்டு, தினம் வெறுவயிற்றில் போட ஒரு குளிசை தந்தார்கள். கடைசியில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று ஜனா சந்தோசப்பட்டான். ஆனால் நாலாம் நாளிலிருந்து அவளுக்குத் தலை சுற்றியது, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தது. எட்டாம் நாள் கொட்டாஞ்சேனையில் யோசெப்பினின் மகனுக்கு முதல் நன்மை விருந்து. யோசெப்பின் பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வாங்கில் இருந்தவள். போகாமல் இருக்க நிருஷாவுக்கு மனம் வரவில்லை.

விருந்துக் கலகலப்பிலிருந்து அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் இருத்திய யோசெப்பின், அவள் கையைப் பிடித்தவுடனே திடுக்கிட்டாள்.

"என்னடி இது, ஐஸ் மாதிரி? ஒனக்கு என்ன நடக்குது?"

கதவுக்கு வெளியே பிள்ளைகள் கேக்குக்குச் சண்டை பிடித்தார்கள். ஐந்து வருடம் பூட்டி வைத்தது அந்தச் சத்தத்துக்கு நடுவே வாயிலிருந்து வழுக்கி விழுந்தது.

"ஜோசி, நான் செத்துப்போனனான். றஷ்மி பிறந்த அண்டைக்கே. ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளைக்கு மட்டும் தெரியும்."

யோசெப்பின் சிரிக்கவில்லை, சிலுவையும் போடவில்லை.

"செத்தவ வாந்தி எடுக்கமாட்டாடி. எழும்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

எழும்பிய நிருஷா இரண்டடி வைத்து, கதவு நிலையைப் பிடிக்கப்போய்ச் சரிந்தாள். யோசெப்பினின் புருஷன் பிறெடி, விருந்துக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு அவளைத் தூக்கித் தன் த்ரீவீலில் போட்டான். ஒவ்வொரு சந்தியிலும் ஹோர்னில் வைத்த கையை எடுக்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான்.

அங்கே அவளுடைய இரத்த அழுத்தம் அளக்கவே கடினமாக இருந்தது. இரத்தத்தில் சீனியும் உப்பும் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தன. சேலைன் ஏற்றினார்கள். ஜனாவும் நேசமலரும் வந்துசேர்ந்தபோது, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போன ஓர் இளம் டொக்டர் கட்டிலருகே நின்றான். பெயர் சஜீத், அக்கரைப்பற்றுப் பக்கத்து ஆள். அவன் நிருஷாவின் புருவத்தைப் பார்த்தான். கையைத் தூக்கிக் கமக்கட்டைப் பார்த்தான். தைரொயிட் குளிசைப் பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குனிந்து கேட்டான்.

"அக்கா, புள்ள பொறந்த நேரம் ரெத்தம் கூடப் போனதா?"

"ஓம்."

"புள்ளைக்குப் பால் குடுத்தீங்களா?"

நிருஷா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்த ஆளுமா?

"பால் வரேல்லைத் தம்பி" என்று நேசமலர் முந்திக்கொண்டார். "ஒரு சொட்டும் வரேல்லை. நான் செய்யாத பத்தியமில்லை."

"அதுக்குப் பொறகு மாதம் வந்ததா?"

நிருஷா இல்லையென்று தலையசைத்தாள். ஜனா அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குக்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை.

சஜீத் மேலே ஒன்றும் கேட்கவில்லை. இரத்தம் கொஞ்சம் எடுத்து அனுப்பிவிட்டு, மறுமொழி வரும்வரை காத்திராமல், பெரிய டொக்டருக்குத் தொலைபேசியில் சொல்லி அனுமதி வாங்கி, அவள் நரம்பில் ஸ்டீரொயிட் ஊசி மருந்தொன்றை ஏற்றினான். அதற்குப் பிறகுதான் ஜனாவிடம் விளங்கப்படுத்தினான். மூளைக்கு அடியில் கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பால், மாதவிலக்கு, தைரொயிட், உடம்பைத் தாங்கி நிறுத்துகிற ஸ்டீரொயிட், எல்லாவற்றுக்கும் உத்தரவு அங்கேயிருந்துதான் போகவேண்டும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அது வீங்கி, நிறைய இரத்தம் கேட்கும். அந்த நேரத்தில் இரத்தம் கொட்டிப்போனால் அது பட்டுப்போகும்.

"தைரொயிட் குளிசை பிழையில்ல. ஆனா ஸ்டீரொயிட்ட முதல்ல குடுக்காமக் குடுத்ததுதான் இப்ப விழுத்தினது."

"பட்டுப்போறது எண்டா?" என்று ஜனா கேட்டான்.

"செத்துப்போறதுதான் அண்ணன். அந்தச் சுரப்பி அண்டைக்கே செத்துப்போச்சு."

கண்ணை மூடிக்கொண்டிருந்த நிருஷாவுக்கு அது கேட்டது. அவளுக்கு அழுகை வரவில்லை. ஐந்து வருடம் தனியே சுமந்த பிரேதத்தின் மறுபக்கத்தை யாரோ வந்து தூக்கியதுபோல இருந்தது. அவள் பொய் நினைக்கவில்லை. செத்தது எவ்வளவு என்பதில் மட்டும்தான் பிழை விட்டிருக்கிறாள்.

அடுத்த நாள் காலை அவளுக்குப் பசித்தது. அது என்ன உணர்ச்சி என்று அடையாளம் காணவே கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஜனா, எனக்கொரு மாலுபாண் வேணும்."

ஜனா கன்ரீனுக்குப் போய், மீன்கறி அடைத்த பணிஸ் நாலு வாங்கிவந்தான். அவள் நாலையும் தின்றாள். கடுதாசிப் பையைக் கசக்கிக் கையில் வைத்துக்கொண்டு அவன் வார்ட்டிலேயே விம்மி விம்மி அழுதான்.

அன்று பின்னேரம் நேசமலர் தனியாக வந்து ஸ்டூலில் இருந்தார்.

"அந்தப் பெடியன் கேட்ட கேள்வியை நான் எத்தினை தரம் உன்னட்டக் கேட்டிருப்பன், பிள்ளை. அவன் கேட்டு உன்னை எழுப்பிப்போட்டான். நான் கேட்டது... நான் குத்திக்காட்டத்தானே கேட்டனான்."

நிருஷா "பரவாயில்லை மாமி" என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை. தண்ணீர்ப் போத்தலை எட்டி எடுத்துத் தரச் சொன்னாள். அவர் எடுத்துக் கொடுத்தார்.

ஸ்கேன் படத்தில் சுரப்பி இருக்கவேண்டிய இடம் வெறுங்குழியாகத் தெரிந்தது. மூன்று விதக் குளிசைகள், சாகும்வரை. காய்ச்சல் வந்தால் ஸ்டீரொயிட்டை இரட்டிப்பாக்கவேண்டும், ஒருநாளும் தவறவிடக்கூடாது. இன்னொரு பிள்ளை கடினம் என்றார் பெரிய டொக்டர். நிருஷா எல்லாவற்றையும் வகுப்புக் குறிப்புபோல எழுதிக்கொண்டாள்.

மூன்று மாதத்தில் அவளுக்கு வியர்த்தது. முகத்து வீக்கம் வடிந்தது. குரல் திரும்பி வந்தது. எட்டுப் பிள்ளைகளோடு வீட்டுக் கூடத்திலேயே வகுப்பைத் தொடங்கினாள். அலுமாரிகளைத் துடைத்தாள், ஜனாவோடு சண்டை பிடித்தாள், பாட்டுப் பாடினாள். றஷ்மியைத் தூக்கிச் சுற்றினாள். றஷ்மி உடம்பை விறைப்பாக்கிக்கொண்டு, இறக்கிவிடும்வரை காத்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து படுக்க வந்த பிள்ளை சுவரோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த அம்மா எப்ப வருவா?"

"எந்த அம்மா, குஞ்சு?"

"படுத்திருக்கிற அம்மா. அவ சத்தம் போடமாட்டா. நான் எவ்வளவு நேரம் கதைச்சாலும் கேட்டுக்கொண்டே இருப்பா."

நிருஷா கட்டிலருகே குந்தினாள்.

"அவதான் குஞ்சு நான். எனக்கு வருத்தம் வந்தது, குளிசை போட்டு இப்ப மாறிட்டுது."

றஷ்மி அவளை மேலும் கீழுமாகப் பார்த்தாள். நம்பவில்லை. ஆனால் மரியாதை தெரிந்த பிள்ளை, மறுத்துக் கதைக்கவுமில்லை.

"நீங்களும் படுக்கலாம்" என்றாள். "ஆனா அந்தக் கரையில படுங்கோ. நடுவில அவவுக்கு இடம் வேணும்."

நிருஷா கட்டிலின் வெளிவிளிம்பில் ஒருக்களித்துப் படுத்தாள். கடற்கரைப் பக்கமாக ரயில் ஒன்று போனது, யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பிள்ளை அந்த வெறும் இடத்தைப் பார்த்தபடி மெல்லிய குரலில் பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொன்னாள். சொல்லிக்கொண்டே நித்திரையானாள். நிருஷாவுக்குக் கை நீட்டிப் பிள்ளையின் தலையைத் தடவவேண்டும்போல இருந்தது. நடுவில் இருந்த ஒரு முழ இடத்தைத் தாண்டிக் கையை நீட்ட அவளுக்குத் துணிவு வரவில்லை.